கோபம் விடும் நாள் ஒத்திகை

மதிப்பும் மரியாதையும் மிக்க சம்பந்தி அம்மா அவர்களுக்கு, உங்கள் மாப்பிள்ளையைப் பெற்றவள் எழுதிக்கொள்வது.

முதலில், போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக் கூடத்தில் யார் யார் இருந்தார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறேன். பின்னால் யாரும் ‘நான் அங்கே இல்லை, நான் பார்க்கவில்லை’ என்று பேச்சை மாற்றக் கூடாது. லிஃப்ட் ரிப்பேர் பார்க்கும் என் மகன், வாசல் பக்கத்து ஸ்டூலில். உங்கள் மகள், அதாவது என் மருமகள், கூடத்தின் நடுவில், கையில் பலூன்களோடு. பேத்தி, முன்பல் விழுந்த வாயோடு, சோபாவின் கைப்பிடி மேல். கீழ்வீட்டுத் தையல்காரர், கழுத்தில் அளவு நாடாவோடு. அவரை யாரும் கூப்பிடவில்லை, சத்தம் கேட்டு வந்தவர். உங்கள் வீட்டுக்காரர், மழையோ வெயிலோ கழற்றாத அந்தக் கம்பளித் தொப்பியோடு, ஜன்னல் ஓரம். இருக்கிற நாற்காலிகளில் நல்ல நாற்காலியில் மருமகளின் கம்பெனி மேலாளர். அப்புறம் நான். நீங்கள் மட்டும் இல்லை. முழங்கால் வலி என்று சொல்லி அனுப்பியிருந்தீர்கள்.

முழங்கால் இப்போது எப்படி இருக்கிறது? வலது கால் என்று உங்கள் வீட்டுக்காரர் சொன்னார். போன முறை நீங்கள் சொன்னது இடது கால். எந்தக் காலாக இருந்தாலும் சீக்கிரம் குணமாகட்டும். போன கோடையில் உங்கள் வீட்டில் தங்கியபோது என் தலைமாட்டில் டேபிள் ஃபேன் வைத்துத் தூங்க வைத்தீர்களே, அந்த உபசாரத்தை நான் மறக்கவில்லை. அதற்கு முந்தைய முறை எனக்கு ஆறிப்போன டீ கொடுத்ததையும் மறக்கவில்லை. அதைப் பேச இது நேரமில்லை.

ஃபோனில் சொல்லலாமே என்று கேட்பீர்கள். எங்கள் வீடு இரண்டு அறையும் ஒரு கூடமும். இந்த மூலையில் தும்மினால் அந்த மூலையில் கதவைச் சாத்துவார்கள். அதோடு, ஃபோனில் நான் முக்கியமான இடத்துக்கு வரும்போதெல்லாம் உங்கள் பக்கம் “சரியாக் கேக்கலை, அப்புறம் பேசறேன்” என்று ஆகிவிடுகிறது. கடிதத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்து கோணலாக இருக்கும், விஷயம் கோணலாக இருக்காது.

உங்கள் மகளுக்கு அந்த மெத்தைக் கம்பெனியில் என்ன வேலை என்று உங்களுக்குச் சரியாகத் தெரியுமோ என்னவோ. எனக்கே புரிய ஒரு வருஷம் பிடித்தது. மெத்தை தைப்பதில்லை, விற்பதில்லை, வண்டியில் ஏற்றுவதும் இல்லை. அதையெல்லாம் செய்கிறவர்களைச் சந்தோஷமாக வைத்திருப்பதுதான் அவள் வேலை. உலகத்தில் யார் யாரோ உட்கார்ந்து விசித்திர விசித்திரமாக நாட்களைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்களாம். அரசாங்கம் லீவு விடாத நாட்கள். ஜோடி சேராத காலுறை போடும் நாள், செடியோடு பேசும் நாள், என்ன கேட்டாலும் பாட்டாகவே பதில் சொல்லும் நாள், பின்பக்கமாக நடக்கும் நாள், சாப்பாட்டுக்கு முன்னால் கேக் சாப்பிடும் நாள். அதில் பொறுக்கி எடுத்து மாதத்துக்கு ஒன்றிரண்டைக் கம்பெனியில் கொண்டாட வைக்க வேண்டும். முதல் தடவை அந்தப் பின்பக்கமாக நடக்கும் நாளை வைத்தபோது, பஞ்சு அடைக்கும் பிரிவில் ஒருவர் நடந்து நடந்து பஞ்சுக் குவியலுக்குள்ளேயே போய்விட்டார். மத்தியானம் சாப்பாட்டு மணி அடித்த பிறகுதான் அவர் இல்லை என்பதே தெரிந்திருக்கிறது. அன்றிலிருந்து மேலாளர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், எந்த நாளாக இருந்தாலும் முதலில் வேறு எங்காவது செய்து பார்த்துவிட்டு இங்கே கொண்டுவா என்று. வேறு எங்காவது என்றால் எங்கே? எங்கள் வீட்டில்தான். ஆக, ஊருக்கெல்லாம் ஒரு நாள் வருகிறது என்றால் எங்களுக்கு அது அதற்கு முந்தின ஞாயிறே வந்துவிடும். விழுகிறவர்கள் நம் வீட்டில் விழட்டும் என்பது உங்கள் மகளின் நல்ல எண்ணம்.

விழவும் செய்தோம். என் மகன் பின்பக்கமாகவே லிஃப்டுக்குள் போய், பின்பக்கமாகவே வேறொரு மாடியில் இறங்கி, யாரோ ஒருவர் வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தும்விட்டான். அந்த வீட்டு அம்மா நல்ல மாதிரி, காபி கொடுத்து அனுப்பினாள். பாட்டு நாளன்று தையல்காரர் மேலே வந்தார், எங்கள் குளியலறைத் தண்ணீர் அவர் வெட்டி வைத்த துணி மேல் ஒழுகுகிறது என்று சொல்ல. சாயங்காலம் வரை பேசக் கூடாது, பாடத்தான் வேண்டும் என்பது விதி. பேத்தி பாடினாள், மருமகள் பாடினாள், என் மகன் லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டால் வரும் குரலில் பாடினான். மனுஷர் கொஞ்ச நேரம் பேயறைந்த மாதிரி நின்றார். அப்புறம் அவரும் “ஒழுகுதே, ஒழுகுதே” என்று ஆரம்பித்து, கையை வேறு ஆட்டினார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கொஞ்சம் சத்தம் கேட்டால் போதும், ஊசியைக் குத்தி வைத்துவிட்டு ஓடி வந்துவிடுகிறார். குழாய் இன்னும் சரியாகவில்லை. செடியோடு பேசும் நாளில் எனக்கு ஒரு தொட்டிச் செடியைக் கொடுத்தார்கள். செடியிடம் என்ன பேசுவது? நம் பிள்ளைகள் கல்யாணத்தில் உங்கள் பக்கத்தார் முன்வரிசை நாற்காலிகளில் கைப்பை வைத்து இடம் பிடித்ததிலிருந்து ஆரம்பித்தேன். சாயங்காலம் பார்த்தால் இலை தொங்கிவிட்டது. “அத்தை, செடிகிட்ட நல்ல விஷயமாப் பேசணும்” என்றாள் உங்கள் மகள். “நடந்த விஷயத்தைத்தானே சொன்னேன்” என்றேன்.

சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். காலுறை நாளன்று எனக்குக் குனிய முடியவில்லை என்று உங்கள் மகள் தரையில் உட்கார்ந்து, ஒரு காலுக்குச் சிவப்பு, ஒரு காலுக்குப் பச்சை என்று அவள் கையாலேயே மாட்டிவிட்டாள். “அத்தை, சிக்னல் மாதிரி இருக்கீங்க” என்று சிரித்தாள். நல்லதையும் நான் மறப்பதில்லை. வெளியே சொல்வதுதான் இல்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இந்த மாதம் அவள் எடுத்தது ‘கோபம் விடும் நாள்’. அவரவர் மனசில் கிடக்கிற பழைய கோபம் ஒன்றை எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும், ‘விட்டேன்’ என்று சொல்ல வேண்டும், பலூனை ஊசியால் குத்த வேண்டும். இந்தத் தடவை மேலாளரே வீட்டுக்கு வந்து ஒத்திகையைப் பார்ப்பதாகச் சொல்லிவிட்டார். ஏனென்றால் பாட்டு நாளன்று கம்பெனியில் யாரோ, மெத்தை கிழிந்துவிட்டது என்று ஃபோனில் அழுத ஒருவருக்கு, தாளம் போட்டுப் பதில் பாடிவிட்டார்களாம். “இந்த நாளும் சரியா வரலைன்னா, இப்படி ஒரு வேலையே கம்பெனிக்கு வேணுமான்னு யோசிக்கணும்” என்று மேலாளர் சொல்லியிருக்கிறார். துணி மடித்துக்கொண்டே இதை உங்கள் மகள் எங்களிடம் சொன்னபோது அவள் முகத்தில் சிரிப்பு இருந்தது, கையில் இல்லை. ஒரே துண்டைத் திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தாள். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “அத்தை, உங்களைத்தான் நம்பியிருக்கேன். ஒருத்தருக்கு ஒண்ணு. சின்னதா ஒண்ணு” என்றாள். நானும் சின்னதாக ஒன்றைத் தயார் பண்ணித்தான் வைத்திருந்தேன். உங்கள் ஆறிப்போன டீ.

அன்றைக்கு மழை. மேலாளர் வந்தார். வாசலில் நின்று குடையைப் பக்கவாட்டில் உதறினார், அக்குளில் இடுக்கிக்கொண்டார், எங்களுக்கு முதுகைக் காட்டியபடி மிதியடியில் காலைத் துடைத்தார். இடது காதுக்குப் பின்னால் மிளகு அளவு ஒரு மச்சம். எனக்குத் தூக்கி வாரிப்போட்டது.

பேத்திதான் முதலில் ஆரம்பித்தாள். “அப்பா என் புதுப் பென்சிலை எடுத்து லிஃப்ட் பட்டனைக் குத்திப் பார்த்தாரு, முனை போச்சு. விட்டேன்.” டப். என் மகன், அவனுடைய பழைய பூட்ஸை மருமகள் கேட்காமல் தூக்கிப் போட்டதைச் சொன்னான், விட்டேன் என்றான், டப். தையல்காரர் எழுந்து நின்று, “இப்ப இந்த நிமிஷமும் ஒழுகிக்கிட்டுதான் இருக்கு. ஆனாலும் விட்டேன்” என்றார், டப். மேலாளர் கைதட்டினார். உங்கள் மகளின் முகம் மலர்ந்துவிட்டது. உங்கள் வீட்டுக்காரர் முறை வந்தபோது, “எனக்கு யார் மேலயும் ஒண்ணுமில்லைங்க” என்று சொல்லித் தண்ணீர் கேட்டார். அடுத்தது நான். ஆறிப்போன டீ நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் அந்த மச்சம் என் எதிரே உட்கார்ந்திருக்கும்போது டீயைப் பற்றிப் பேச எப்படி வாய் வரும்?

உங்களுக்கு இந்தக் கதை தெரியும். ஃபோனில் எத்தனை தடவை ஆரம்பித்திருக்கிறேன். இருந்தாலும் அன்று சொன்ன மாதிரியே சொல்கிறேன். என் மகன் கைக்குழந்தை. பயங்கரக் கோடை. கடைத்தெருவில் மின்சாரச் சாமான் கடை ஒன்றை மூடப்போகிறார்கள் என்று டேபிள் ஃபேனையெல்லாம் மலிவாகக் கொடுத்தார்கள். விடியற்காலையிலிருந்து குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்றேன். என் முறை வரும்போது ஒன்றே ஒன்றுதான் மிச்சம். நீல இறக்கை. முன்பக்கத்துக் கம்பி வலையில் கட்டைவிரலால் அமுக்கின மாதிரி ஓர் இடத்தில் நெளிவு. கடைக்காரர், “இது ஒண்ணுதாம்மா இருக்கு. கம்பிதான் நெளிஞ்சிருக்கு, காத்து நெளியாது” என்றார். சரி என்று சொல்ல வாயெடுத்தேன். குழந்தைக்கு மூக்கு ஒழுகியது. குனிந்து துடைத்துவிட்டு நிமிர்ந்தால் என் முன்னால் ஒரு முதுகு. அக்குளில் இடுக்கிய குடை, அதன் நுனி என் மூக்குக்கு நேரே. இடது காதுக்குப் பின்னால் மச்சம். திரும்பிக்கூடப் பார்க்காமல் ஃபேனைத் தூக்கிக்கொண்டு கூட்டத்தில் கலந்துவிட்டான். அந்தக் கோடை முழுக்க என் வீட்டுக்காரர் செருப்புப் பெட்டி மூடியால் குழந்தைக்கு விசிறினார். மணிக்கட்டு வீங்கிப்போய், அடுத்த கையால் விசிறினார். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்த வீங்கின மணிக்கட்டு மட்டும் என் கண்ணைவிட்டுப் போகவில்லை.

சொல்லி முடித்தேன். உங்கள் வீட்டுக்காரர் மறுபடியும் தண்ணீர் கேட்டார். மேலாளர்தான் அன்பாக, “ரொம்பக் கஷ்டமான விஷயம்தாங்கம்மா. இப்ப விட்டுட்டீங்களா?” என்றார்.

“எப்படி விடறது? ஃபேனை நீங்கல்ல வச்சிருக்கீங்க?”

“நானா?”

“காதுக்குப் பின்னால கையை வச்சுப் பாருங்க.”

மனுஷர் வைத்தும் பார்த்தார். உங்கள் மகளுக்கு உயிரே போய்விட்டது. “ஐயோ அத்தை, சார் அப்போ நாலாங்கிளாஸ்தான் படிச்சிருப்பாரு!” என்றாள்.

“நாலாங்கிளாஸ்லயே இந்த வேலைன்னா, மேலாளர் ஆகாம வேற என்ன ஆவாரு?” என்றேன்.

“அம்மா, போதும்மா” என்றான் என் மகன். இந்த நேரம் பார்த்துத் தையல்காரர், “சண்டை எதுக்கு? அளந்து பார்த்துடலாம்” என்று நாடாவை உருவிக்கொண்டு வந்தார். மேலாளரை எழுப்பி நிறுத்தி, குடையை அக்குளில் சொருகி, என்னைப் பின்னால் நிற்க வைத்தார். குடை நுனி என் மோவாய்க்குத்தான் வந்தது. “மூக்குக்கு வரலையேம்மா. ஆள் இன்னும் உசரமா இருந்திருக்கணும்” என்றார். “வயசானா எல்லாரும் கொஞ்சம் இறங்கத்தான் செய்வாங்க” என்றேன். பேத்திக்குப் பயம் வந்துவிட்டது. என்ன செய்வதென்று தெரியாமல் மிச்சமிருந்த பலூன்களையெல்லாம் படபடவென்று குத்த ஆரம்பித்தாள். அந்தச் சத்தத்தில் மேலாளர் திடுக்கிட்டு, ஸ்டூல் மேல் இருந்த டீயைத் தன் பேண்ட் மேலேயே தட்டிவிட்டுக்கொண்டார். அது ஆறாத டீ. எங்கள் வீட்டில் டீயைச் சூடாகத்தான் கொடுப்போம். உங்கள் வீட்டுக்காரர் எழுந்து, மழை கொட்டுகிற பால்கனியில் போய்ச் சுவரைப் பார்த்து நின்றுவிட்டார். சண்டை சச்சரவு என்றாலே ஆகாத மனுஷர், பாவம். மேலாளர், “நாளைக்கு ஆபீஸ்ல பேசிக்கலாம்” என்று உங்கள் மகளிடம் சொல்லிவிட்டு மழையிலேயே இறங்கிப் போனார். குடையை மறந்துவிட்டார். அது இன்னும் எங்கள் வாசல் மூலையில்தான் நிற்கிறது. போகும்போதும் வரும்போதும் அது என்னையே பார்க்கிற மாதிரி இருக்கிறது.

அன்றைக்கு எல்லாரும் போன பிறகு உங்கள் மகள் என்னிடம் ஒரே ஒரு விஷயம் கேட்டாள். “அத்தை, ஆள் மாறிப்போச்சுன்னு அவர்கிட்ட ஒரு வார்த்தை ஃபோன்ல சொல்லிடறீங்களா?” முடியாது என்றேன். எப்படிச் சொல்வது? எனக்குப் படிப்பு இல்லை, பட்டம் இல்லை. ஞாபகம் ஒன்றுதான் இருக்கிறது. இந்த வீட்டில் எந்தச் சாவி எங்கே, யார் எப்போது என்ன சொன்னார்கள் என்பதற்கெல்லாம் என்னிடம்தான் வருவார்கள். அது தப்பு என்று நானே ஒருவருக்கு ஃபோன் போட்டுச் சொன்னால் அப்புறம் நான் யார்? அவள் வாக்குவாதம் பண்ணியிருந்தால்கூடப் பரவாயில்லை. “சரி அத்தை” என்றாள். அவ்வளவுதான். இந்த ஒரு வாரமாக அந்தச் ‘சரி அத்தை’க்கு மேல் ஒரு பேச்சு இல்லை. சாப்பாடு கொடுக்கிறாள், மாத்திரை கொடுக்கிறாள், முகத்தைப் பார்ப்பதில்லை. நான் கூடத்துக்குள் வந்தால் அவள் சமையலறைக்குள் போகிறாள், நான் சமையலறைக்குப் போனால் அவளுக்கு மாடியில் ஏதோ காய்கிறது. ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த அந்த விசித்திர நாள் காலண்டரையும் காணோம். நான் கேட்கவில்லை. இன்றைக்கு ‘தொப்பி மாற்றிப் போடும் நாள்’ ஒத்திகை நடந்திருக்க வேண்டும். பேத்தி காகிதத்தில் தொப்பியெல்லாம் ஒட்டி வைத்துக் காத்திருக்கிறாள். யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. வியாழக்கிழமை துணிக் கூடையைப் பார்த்தேன் சம்பந்தி அம்மா, எனக்கு நெஞ்சு பக்கென்றது. எல்லாக் காலுறையும் ஜோடி ஜோடியாகச் சுருட்டி வைத்திருக்கிறாள். என் சிவப்பையும் பச்சையையும்கூடப் பிரித்து, அதது ஜோடியோடு சேர்த்துவிட்டாள். இந்த வீட்டில் இப்போது திங்களும் செவ்வாயும்தான் வருகிறது. வேறு ஒரு நாளும் வருவதில்லை.

வேலை போய்விட்டதோ என்று பயமாக இருக்கிறது. காலையில் டப்பாவில் சாப்பாடு கட்டிக்கொண்டு கிளம்புகிறாள். மெத்தைக் கம்பெனிக்குத்தான் போறாளா, இல்லை ஏதாவது பார்க்ல உட்கார்ந்து சாப்பிட்டுட்டு வராளான்னு யார் கண்டா? என் மகனைக் கேட்டா, “எனக்கு லிஃப்ட் வேலை இருக்கும்மா”ன்னு ஓடறான். ராத்திரியெல்லாம் எனக்கு இதே நினைப்பு. நீங்க பெத்தவ. நீங்க கேட்டா சொல்லுவா. வேலை இருக்கா இல்லையான்னு மெதுவாக் கேளுங்க. நான் கேக்கச் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க. அந்த நாளெல்லாம் திரும்ப ஆரம்பிக்கச் சொல்லுங்க. கிழவிக்கு அதெல்லாம் பிடிக்கும்னு சொல்லாதீங்க, குழந்தை ஏங்கறான்னு சொல்லுங்க. பின்பக்கமா நடக்கச் சொன்னா நடக்கறேன். கம்பெனி வாசல்ல நின்னு பாடச் சொன்னா பாடறேன். அந்தச் செடிகிட்டகூட நல்ல விஷயமா ஏதாவது யோசிச்சுச் சொல்றேன். மன்னிப்பு மட்டும் கேக்க மாட்டேன். என் கண்ணு பார்த்தது பார்த்ததுதான். மச்சம் மச்சம்தான்.

உங்களைத் தவிர எனக்கு இதைச் சொல்ல வேறு ஆள் இல்லை. நமக்குள் நாற்காலி, டீ என்று ஆயிரம் இருக்கலாம். ஆபத்துக்கு உதவுகிற சம்பந்தி என்று இனிமேல் உங்களைப் பற்றி நாலு பேரிடம் பெருமையாகச் சொல்வேன். உங்கள் இரண்டு முழங்காலும் மாடிப்படியை மதிக்காமல் ஏறி இறங்கட்டும். உங்கள் வீட்டுக்காரரின் தலைக்கும் தொப்பிக்கும் ஒரு குறையும் வராமல் இருக்கட்டும். உங்கள் வீட்டில் எல்லோரும் வயிறாரச் சாப்பிட்டு, காற்றோட்டமாகப் படுத்து, நிம்மதியாகத் தூங்கி எழ வேண்டும் என்று மனசார வாழ்த்தும்,

உங்கள் அன்புள்ள சம்பந்தி.

பின்குறிப்பு: மேலே எழுதியதை முடித்து, ஒட்டுவதற்குப் பசை தேடிக்கொண்டிருந்தபோது உங்கள் வீட்டுக்காரர் வந்தார். பேத்திதான் யாரிடமும் சொல்லாமல் ஃபோன் பண்ணி வரவழைத்திருக்கிறாள். யார் கொண்டாடினாலும் கொண்டாடாவிட்டாலும் அவளுக்கு இன்றைக்குத் தொப்பி மாற்றும் நாள்தானாம். தன் காகிதத் தொப்பியை அவரிடம் நீட்டி, “தாத்தா, உங்க தொப்பியைக் குடுங்க” என்றாள். அவர் இரண்டு கையாலும் தொப்பியைப் பிடித்துக்கொண்டு, “வேண்டாம்டா செல்லம், சளி பிடிக்கும்” என்றார். அவள் சோபா கைப்பிடி மேல் ஏறி ஒரே இழுப்பு. நான் அவருக்குப் பின்னால் பசை டப்பாவோடு நின்றுகொண்டிருந்தேன்.

இடது காதுக்குப் பின்னால். மிளகு அளவு.

வாசல் மூலையிலிருந்த குடையை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். அவராகவே அக்குளில் இடுக்கிக்கொண்டு திரும்பி நின்றார். நுனி சரியாக என் மூக்குக்கு நேரே. பேத்தியின் சத்தம் கேட்டு அதற்குள் மேலே வந்திருந்த தையல்காரர் நாடாவை எடுக்கவே இல்லை.

நம் பிள்ளைகளின் கல்யாணப் பேச்சுக்கு முதல் தடவை வந்தபோதே என்னை அடையாளம் கண்டுவிட்டாராம். அன்றைக்கு வாங்கிய தொப்பியாம் அது! கல்யாண ஃபோட்டோவில்கூட அதைக் கழற்றவில்லை, நாங்கள் எல்லாம் தலையில் ஏதோ வியாதி என்று நினைத்து நாகரிகமாகக் கேட்காமல் இருந்தோம். உங்கள் வீட்டில் நான் தூங்கினேனே, அந்த ஃபேன். கம்பி நெளிவை என் விரலால் தடவி, “பாவம், எங்கேயோ விழுந்திருக்கு” என்று சொன்னவள் நான். நீல இறக்கைக்கு எப்போது வெள்ளைப் பெயின்ட் அடித்தீர்கள்?

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த உங்கள் மகள் தரையில் உட்கார்ந்து, சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியாமல் முகத்தைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் சொன்னாள். “அத்தை, நான் திங்கட்கிழமையே உங்க பேரைச் சொல்லி சார்கிட்ட மன்னிப்பு கேட்டுட்டேன். அவர் சிரிச்சுட்டாரு. இங்க இல்லாதவங்க மேல உள்ள கோபத்தை மட்டும் சொல்லணும்னு ஒரு விதி போட்டு, நாளுக்கும் சம்மதம் சொல்லிட்டாரு. வேலைக்கு ஒண்ணும் ஆகலை. நீங்க கேக்காத மன்னிப்பை நான் கேட்டேன்னு தெரிஞ்சா ஆயுசுக்கும் என்னை மன்னிக்க மாட்டீங்களேன்னுதான் உங்க முகத்தைப் பார்க்காமலே ஓடிக்கிட்டிருந்தேன்.” என்னைப் பார்த்து அவ்வளவு பயமா என்று கேட்டேன். தையல்காரர் நாடாவில் இருந்த எண்களைப் படிக்க ஆரம்பித்துவிட்டார். அது எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது.

நாளைக்கு நானே மெத்தைக் கம்பெனிக்குப் போய், குடையைக் கொடுத்து, மேலாளரிடம் என் வாயாலேயே ஆள் மாறிப்போச்சு என்று சொல்லப்போகிறேன். காலண்டர் மறுபடியும் ஃப்ரிட்ஜ் கதவுக்கு வந்துவிட்டது. அதில் இன்றைய தேதியைச் சுற்றி வட்டம் போட்டு, ‘பாட்டிக்கு ஆள் மாறிய நாள்’ என்று உங்கள் மகள் எழுதியிருக்கிறாள். வருஷா வருஷம் கொண்டாட வேண்டுமாம். எல்லோரும் அக்குளில் குடை, காதுக்குப் பின்னால் மையால் மச்சம், முதலில் கேக். கம்பெனியிலும் வைக்கப்போகிறாளாம். இதற்கு மட்டும் ஒத்திகை வேண்டாமாம், அது நடந்து முடிந்துவிட்டதாம். என் காலில் சிவப்பும் பச்சையும் மாட்டிவிட்டுத்தான் எழுந்தாள்.

எனக்கும் மனசு லேசாகிவிட்டது. கடைக்காரரை மன்னித்துவிட்டேன். நாலாங்கிளாஸ் பையன்களையும் மன்னித்துவிட்டேன். காகிதத் தொப்பியோடு உட்கார்ந்து கேக் சாப்பிட்டுக்கொண்டிருக்கிற உங்கள் வீட்டுக்காரரையும் மன்னித்துவிட்டேன், ஏனென்றால் அவர் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டார். “நான் வேண்டாம்னுதான் சொன்னேன் சம்பந்தி. எனக்குப் பின்னால நின்ன ஆளுதான் என் முதுகுல குத்தி, ‘அவ குழந்தைக்கு மூக்குத் துடைக்கறா, இப்பப் போனாத்தான் உண்டு, போங்க’ன்னு தள்ளிவிட்டுது” என்றார். துடைத்தது உங்கள் வருங்கால மாப்பிள்ளையின் மூக்கு. ஃபோனில் நான் அந்த வரிசைக்கு வரும்போதெல்லாம் ஏன் சரியாகக் கேட்காமல் போனது, எந்த முழங்கால் வலித்தது என்பதெல்லாம் இப்போது நன்றாகவே விளங்குகிறது. அடுத்த வருஷம் இதே நாளுக்கு ஃபேனோடு வந்து சேருங்கள், டீ சூடாகவே கிடைக்கும். ஆனால் இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆளை மட்டும் எத்தனை பலூன் கொடுத்தாலும் நான் மன்னிக்க மாட்டேன். சம்பந்தி அம்மா, அது நீங்கள்.